கத்தரிப் பூவுக்கு யார் வருகிறார்கள்?

கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் வீடு. பின்புறம் ஐந்து சென்ட் இடம் இருக்கிறது. வேலியோரம் ஒரு வேம்பு, இரண்டு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. மீதி எல்லாம் காய்கறிப் பாத்திகள். தேன் எடுக்கும் ஆசை எனக்கு இல்லை. கத்தரியும் பரங்கியும் பாகலும் ஒழுங்காகக் காய்க்க வேண்டும் என்ற சுயநலத்தில், தோட்டத்துக்குத் தேனீக்களை வரவழைக்கத் தொடங்கிய வேலை இது.

"ஒரு தேனீப் பெட்டி கொண்டுவந்து வைத்துவிடு கண்ணு, தோட்டம் முழுக்கக் காய்க்கும்" என்பது தாய்மாமாவின் யோசனை. அவர் தென்னந்தோப்பில் இரண்டு நியூட்டன் பெட்டிகள் வைத்திருக்கிறார். ஏழு சட்டங்கள் கொண்ட சின்னப் பெட்டி. நம் ஊர் அடுக்குத்தேனீக்கு அளவானது. அவர் தோப்பு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அந்தத் தேனீக்கள் எங்கள் முருங்கைக்கும் பரங்கிக்கும் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தன. கத்தரியில் மட்டும் அவற்றைக் காண்பதே அரிதாக இருந்தது. அதனால் பெட்டியை ஒத்திப் போட்டுவிட்டு, காலைக் காப்பியோடு கத்தரிப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து யார் வருகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. நடுவில் மஞ்சளாகக் கூம்பி நிற்கும் மகரந்தப் பைகள் மட்டுமே. அவையும் பக்கவாட்டில் வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் மட்டும் நுண்ணிய துளை. உப்புக் குலுக்கியைப் போல ஆட்டினால்தான் உள்ளே இருப்பது கொட்டும். அடுக்குத்தேனீக்கு இப்படி ஆட்டத் தெரியாது. வேறு யாராவது ஆட்டிச் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும், அவ்வளவே. ஆட்டத் தெரிந்தவர்கள் இருவர் எங்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள். ஒன்று, கருவண்டு என்று எல்லோரும் விரட்டும் தச்சுத்தேனீ. மற்றொன்று, வயிற்றில் பளிச்சென்ற நீலப் பட்டைகள் போட்ட ஒரு தேனீ. இது பூவைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிர வைக்கிறது. அந்த நேரத்தில் அதன் ரீங்காரம் சட்டென்று உச்சஸ்தாயிக்கு ஏறும். கேட்டுப் பழகிவிட்டால் முதுகைத் திருப்பிக்கொண்டு களை எடுக்கும்போதே அது எந்தப் பூவில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். தக்காளிக்கும் சாலையோர ஆவாரைக்கும் இதே வேலைதான் நடக்கிறது.

ஆக, பெட்டித் தேனீ கத்தரிக்கு உதவாது. நீலப்பட்டைக்காரிக்குப் பெட்டி கிடையாது. அவள் தனியாக வாழ்கிறவள். கூட்டமோ ராணியோ சேமித்த தேனோ எதுவும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் மண்ணில் துளை போட்டு, அறை அறையாகக் கட்டி, மகரந்தமும் தேனும் வைத்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். அவள் தொடர்ந்து வர வேண்டுமானால் கத்தரி பூக்காத நாளிலும் அவளுக்குத் தேன் வேண்டும், பக்கத்தில் மண் வேண்டும்.

மண் தானாகவே அமைந்தது. பழைய மாட்டுக் கொட்டகையின் மண்சுவர் மழைச் சாரல் படாத பக்கத்தில் பென்சில் நுழையும் அளவுத் துளைகளாக இருந்தது. அந்தச் சுவரைப் பூசிவிடுவதாக இருந்த திட்டத்தை நிறுத்தினோம். சில வாரங்களில் அங்கே இன்னொரு தேனீயையும் பார்த்தேன். கருப்பு உடம்பில் வான நீலப் புள்ளிகள். நகைக்கடையில் வைக்கலாம், அவ்வளவு அழகு. ஆனால் ஆள் திருடி. நீலப்பட்டைத் தேனீ கட்டிய அறைக்குள் தன் முட்டையை இட்டுவிட்டுப் போகிற குயில்தேனீ அது. முதலில் விரட்டிக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். திருடி பிழைக்கிறாள் என்றால் வீட்டுக்காரி நன்றாகவே வாழ்கிறாள் என்று பொருள்.

தேனுக்குத்தான் செடிகளைத் தேட வேண்டியிருந்தது. நர்சரியில் பூச்செடி வாங்குவது இதற்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்களில் பெரும்பகுதி இதழாக மாறியிருக்கிறது. பந்து பந்தான செண்டுமல்லியில் தேனீ உட்கார்ந்தாலும் உள்ளே போக வழி இல்லை. இட்லிப்பூவின் நீண்ட குழாய்க்குள் வண்ணத்துப்பூச்சியின் நாக்குதான் எட்டும். பூங்கொத்துக்காகவே உருவாக்கிய சில சூரியகாந்தி ரகங்களில் மகரந்தமே இருக்காது. வண்ணம் நமக்கு, பட்டினி அவற்றுக்கு. ஒற்றை இதழ்ச் செடிகளையும் சமையலறை விதைகளையும் நம்புவதே மேல்.

எங்கள் வீட்டில் நன்றாக எடுபட்டது திருநீற்றுப் பச்சிலை. அதோடு துளசி. இலைக்காகத் துளசியின் பூங்கதிரைக் கிள்ளுவது அத்தையின் வழக்கம். "கதிர் முற்றினால் செடி போய்விடும்" என்பார். பேசி முடிவு செய்தோம்: மாடத்துத் துளசி அவருடையது, கிள்ளிக்கொள்ளலாம், வேலியோரத்து வரிசை என்னுடையது, தொடக் கூடாது. அந்த வரிசையில் காலை எட்டு மணிக்கு நின்றால் அடுக்குத்தேனீ, கொட்டாத குட்டிக் கொசுத்தேனீ, கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, நீலப்பட்டைத் தேனீ நான்கையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

தும்பைக்கும் இதே பஞ்சாயத்து நடந்தது. மழைக்குப் பின் பாத்தி இடுக்கில் தும்பையும் கிணற்றடிப்பூண்டும் முளைக்கும். களையெடுக்க வரும் பாட்டிக்கு அவற்றை விட்டு வைப்பது தன் தொழிலுக்கு அவமானம். "பார்க்கிறவர்கள் என்னைத்தான் பேசுவார்கள் கண்ணு" என்றார். கடைசியில் நடைபாதைக்கு அந்தப்புறம் உள்ளதை மட்டும் விட்டுவைக்கச் சம்மதித்தார். கிணற்றடிப்பூண்டு ஏறத்தாழ வருடம் முழுக்கப் பூக்கும். மற்றவை எல்லாம் ஓய்ந்த வாரத்தில் சின்னத் தேனீக்களுக்கு அதுதான் சோறு. யாரும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல் வரும் சோறு.

பிறகு மாதக் கணக்குப் போட ஆரம்பித்தேன். சுவர்க் காலண்டரில் எந்த வாரம் எது பூத்தது என்று குறித்ததில் பள்ளங்கள் தெரிந்தன. தை, மாசியில் கவலை இல்லை: முருங்கையும் அண்டை வீட்டு மாமரங்களும் உண்டு. பங்குனி, சித்திரையில் வேம்பும் தெருக்கோடியில் உள்ள புங்கையும் பூத்துக் கொட்டும். அதன் பிறகு ஆனி, ஆடி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சுழற்றி அடிக்கும் நாட்களில் தோட்டத்தில் எதுவுமே இருக்காது. அடுத்த பள்ளம் ஐப்பசி மழை. பெட்டி வைத்திருப்பவர்கள் பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு வைப்பார்கள். இல்லையென்றால் அடுக்குத்தேனீ பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். மண்சுவர்க்காரிக்குப் பாகு வைக்க முடியாது.

ஆனிப் பள்ளத்துக்குச் சித்திரைக் கடைசியில் எள் தூவினேன். எள்ளுப் பூ விடியற்காலையில் விரியும், பிற்பகலுக்குள் உதிர்ந்துவிடும். ஆனால் கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போவதால் வாரக்கணக்கில் வரும். வேலியில் கொடி ரோஜாவை ஏற்றிவிட்டேன் (பெயரில்தான் ரோஜா, இது ஆன்டிகோனான் என்ற வேறு கொடி). அது கட்டுக்கடங்காமல் படரும், ஆண்டுக்கு ஒரு முறையாவது அரிவாளோடு போக வேண்டும் என்று எச்சரிக்கிறேன். ஆனால் மழை இடைவெளியில் ஒரு மணி நேரம் வெயில் அடித்தாலும் மாமாவின் பெட்டி முழுக்க அங்கேதான் நிற்கிறது.

ஆடிப்பட்டத்தில் துவரையையும் சணப்பையையும் விதைத்தேன். சணப்பையைப் பூக்கும் பருவத்தில் பசுந்தாள் உரமாக மடக்கி உழுவதுதான் வழக்கம். நான் ஓரத்து வரிசையை மட்டும் பூக்க விட்டேன். அவரைக் குடும்பத்துப் பூக்களின் அடி இதழ் படகாக மூடியிருக்கும். கொசுத்தேனீயின் எடைக்கு அது அசையாது. கருவண்டு உட்கார்ந்தால் படகு இறங்கி, உள்ளே இருக்கும் மகரந்தம் அதன் வயிற்றில் அப்பிக்கொள்ளும். துவரைக்குக் கருவண்டோடு இலைவெட்டித் தேனீயும் வரும். துவரை எங்களுக்கு மழை ஓய்கிற நேரத்தில், கார்த்திகை, மார்கழியில் பூத்தது. கூடவே கொப்புள வண்டும் வந்து பூவைத் தின்றது. அதைக் கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டோம். வெறுங்கையால் நசுக்கினால் தோல் கொப்பளித்துவிடும்.

இலைவெட்டித் தேனீயால் பக்கத்து வீட்டோடு ஒரு சின்னச் சிக்கல். "அக்கா, என் ரோஜா இலையை எல்லாம் ஏதோ புழு வட்டமாகத் தின்கிறது, உங்கள் பக்கத்திலிருந்துதான் வருகிறது" என்று மதில் மேலாகச் சொன்னாள். புழு தின்றால் ஓரம் கந்தலாக இருக்கும். இதுவோ கத்தரிக்கோலால் வெட்டியது போன்ற அரைவட்டம். அவளைக் கூப்பிட்டு எங்கள் தாழ்வாரத்தில் தொங்கும் மூங்கில் கட்டைக் காட்டினேன். ஒரு பக்கம் கணு வைத்து அடைத்த, விரல் நீள மூங்கில் துண்டுகள். உள்விட்டம் ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் வரை வெவ்வேறு அளவில். காலை வெயில் படும்படி, மழை நனைக்காத இடத்தில் கட்டியிருக்கிறேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தேனீ பச்சைத் துண்டைக் கால்களுக்கிடையில் சுருட்டிப் பிடித்தபடி வந்து உள்ளே நுழைந்தது. அந்த இலைச் சுருளுக்குள் மகரந்தம் வைத்து ஒரு முட்டை, பிறகு அடுத்த சுருள். பெண்ணாகப் பிறக்கும் முட்டைகள் உட்புறம், ஆண்கள் வாசல் பக்கம். பக்கத்து வீட்டுக்காரி மருந்தடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டாள். இப்போது வெட்டிய இலைகளை என்னைவிட அவள்தான் கவனமாக எண்ணுகிறாள்.

எல்லாத் துண்டுகளும் தேனீக்களுக்குக் கிடைக்கவில்லை. பாதிக்கு மேல் குளவிகள் சேற்றால் அடைத்துவிட்டன. அவையும் புழு பிடித்துத்தான் குஞ்சுக்குப் போடுகின்றன, இருக்கட்டும். தச்சுத்தேனீக்குக் காய்ந்த முருங்கைக் கிளையை வெட்டாமல் விட்டதே போதுமாக இருந்தது. வாசல் நிலையைத் துளைக்கும் என்று பயப்படுகிறவர்கள் மரத்துக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, துளைக்க வேறொரு காய்ந்த கட்டையைக் கொடுத்தால் பிரச்சினை இல்லை.

கொம்புத்தேனீ வந்தபோதுதான் வீட்டில் உண்மையான கலக்கம். கறிவேப்பிலைக் கிளையில், கைக்கெட்டும் உயரத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒற்றை அடை. பந்தம் கொளுத்த வேண்டும் என்று இரண்டு பேர் தயாராக வந்தார்கள். மறுத்துவிட்டேன். கொட்டினால் வலிக்கும்தான், ஆனால் மலைத்தேனீயைப் போலத் துரத்தி வந்து கொட்டும் குணம் இதற்கு இல்லை. கிளைக்கு மேலே இருக்கும் அடையின் தட்டையான உச்சியில், திறந்த வெளியில் இவை ஆடித் திசை சொல்லும். அதைப் பார்க்க ஸ்டூல் போட்டு நின்றேன். அந்தப் பக்கத்துக் கறிவேப்பிலையை மட்டும் பறிக்காமல் விட்டோம். கொத்தமல்லிப் பூவை இவை மொய்த்த மாதிரி வேறு எவரும் மொய்க்கவில்லை. மழை வலுக்கும் முன் ஒருநாள் கூட்டமாகப் புறப்பட்டுப் போய்விட்டன. இடம் மாறுவது இவற்றின் இயல்பு.

மருந்து விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகள் செடிக்குள் ஊடுருவி மகரந்தம், தேன் வரை போய்விடும். மாலையில் அடித்தாலும் அடுத்த நாள் பூவில் அது இருக்கும். அசுவினிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலோடு நிறுத்திக்கொள்கிறேன். அதையும் தேனீக்கள் அடங்கிய பிறகு, பூ மேல் படாமல். சித்திரையில் தண்ணீர் முக்கியம்: அடுக்குத்தேனீ கூட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் சுமக்கும். கூழாங்கல் பரப்பிய மண்தட்டு வைத்தால் வாளியில் விழுந்து சாவதில்லை.

பலன் என்ன என்று மாமா கேட்டார். கத்தரியில் காய் பிடிப்பது கண்ணுக்குத் தெரியும்படி கூடியிருக்கிறது, காய்கள் கோணாமல் வருகின்றன. பாகலைக் கொசுத்தேனீ பார்த்துக்கொள்கிறது. பரங்கிக்கு மாமாவின் தேனீக்களே போதும். ஆனால் உதிரும் கத்தரிப் பூ எல்லாவற்றுக்கும் தேனீயைக் குற்றம் சொல்லக் கூடாது. சூல்தண்டு குட்டையாக, மகரந்தக் கூம்புக்குள்ளேயே புதைந்திருக்கும் பூ எத்தனை தேனீ வந்தாலும் காய்க்காது. தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் பூதான் காயாகும். சுரையும் புடலையும் இந்தக் கணக்கிலேயே வராது. அவை அந்திக்கு மேல் பூக்கின்றன. அவற்றுக்கு அந்துப்பூச்சி வர வேண்டும், இல்லையென்றால் நான் டார்ச்சோடு போய் ஆண் பூவைக் கிள்ளித் தடவ வேண்டும்.

ஆனிப் பள்ளம் இன்னும் முழுதாக அடையவில்லை. இந்த முறை எள்ளை இரண்டு தவணையாக, பத்து நாள் இடைவெளியில் விதைக்கப் போகிறேன். காற்றுக்கு மறைப்பாக மேற்கு வேலியில் நான்கு ஆவாரைக் கன்றுகள் ஊன்றியாகிவிட்டது. கொட்டகைச் சுவருக்கு மேல் ஓலை மாற்ற வேண்டும்; ஆள் சொல்லியிருக்கிறேன், சுவரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு.