கல்யாணப் பாயும் கார்டில் வரும் பணமும்

பத்தமடைப் பாயை வெளியூருக்கு அனுப்பி விற்கும் என் போன்ற சிறு வியாபாரிகள், இணையத்தில் கார்டு வழியாகப் பணம் வாங்கலாம் என்றதும் முதலில் விசாரிப்பது கமிஷனைத்தான். அதற்கும் முன்பே விசாரிக்க வேண்டியது, வந்த பணம் நம் கையில் நிலைக்குமா என்பது.

கமிஷன் கணக்கு எளிது. யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்.டி.ஆர். எனப்படும் இந்தக் கமிஷன் கிடையாது. கிரெடிட் கார்டுக்கு உண்டு. இணையத்தில் பணத்தை வாங்கி நம் கணக்கில் சேர்க்கும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்தோடு 2 சதவீதம் என்று பேசியிருந்தால், 5,000 ரூபாய்ப் பாய்க்கு 100 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டி 18 ரூபாயும் கழிந்து 4,882 ரூபாய் நம் கணக்கில் விழும். வெளிநாட்டுக் கார்டு என்றால் விகிதம் இன்னும் கூடும்.

நிதானிக்க வேண்டிய இடம் கல்யாணப் பாய். மணமக்களின் பெயரை நெய்த பாயை வேறு எவருக்கும் விற்க முடியாது. துபாயில் இருக்கும் அண்ணன் தங்கையின் திருமணத்துக்காக அங்குள்ள கார்டில் பணம் கட்டும்போது, நம் நாட்டுக் கார்டுக்குக் கேட்பதுபோல ஓடிபி கேட்காமலே பணம் வந்துவிடலாம். பிறகு கார்டுக்கு உரியவர் ‘இந்தச் செலவை நான் செய்யவில்லை’ என்று தம் வங்கியில் முறையிட்டால், அதுதான் சார்ஜ்பேக். பணம் நிறுத்திவைக்கப்படும், குறித்த நாளுக்குள் ஆதாரம் காட்ட வேண்டியது நம் பொறுப்பு. ஆகவே பெயரின் எழுத்துகளையும், திருப்பி எடுக்க இயலாது என்ற நிபந்தனையையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்த பிறகே முன்பணத்துக்கான லிங்க்கை அனுப்புகிறேன். நெய்த பெயரைப் படம் எடுத்து அனுப்பி, ‘சரி’ என்று பதில் வந்த பின்பே மீதிப் பணத்துக்கான லிங்க். கூரியர் ரசீதையும், பார்சல் சேர்ந்ததற்கான பதிவையும் பில்லோடு சேர்த்து வைப்பது அவசியம்.

பலர் கவனிக்காத ஒன்று: கார்டு ஸ்டேட்மென்ட்டில் கடைப் பெயருக்குப் பதிலாக, பான் கார்டில் உள்ள நம் பெயர் வந்தால், வாங்கியவருக்கே அது யாரென்று தெரியாமல் புகார் கொடுத்துவிடுவார். கணக்குத் தொடங்கும்போதே கடைப் பெயர் வரும்படி கேட்டுவிடுங்கள்.

நம்பிக்கையின் பேரில் சிலர் கார்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 2022 அக்டோபர் 1 முதல் வாடிக்கையாளரின் கார்டு எண்ணை வியாபாரி சேமித்து வைக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. அந்தப் படத்தை உடனே அழித்துவிட்டு, அவரையும் அழிக்கச் சொல்லி, லிங்க்கை அனுப்புங்கள்.