வேலை எங்க பாக்குறீங்கனு யாருமே கேக்கல

சென்னைக்கு தெக்கு ஓரத்துல இருக்கற பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு பக்கம் விடியக்காலைல அஞ்சு அஞ்சரைக்கு போயிருக்கீங்களா? ஸ்டாப்புல நிக்கறதுல பாதிக்கு மேல பொம்பளைங்கதான். ஈரம் காயாத தலைய அப்படியே கொண்டை போட்டுட்டு, தோள்ல டிபன் பாக்ஸ் பையோட, செல்போன் வெளிச்சத்துல பூ கட்டிக்கிட்டே பஸ்ஸுக்கு பாத்துட்டு நிப்பாங்க. மயிலாப்பூர், அடையாறு, சைதாப்பேட்டைனு வீட்டு வேலைக்கும் ஆபீஸ் ஹவுஸ்கீப்பிங்குக்கும் போறவங்க. இதுல நெறைய பேருக்கு வீடே முன்னாடி அந்த பக்கம்தான் இருந்துச்சு, ஆத்தோரத்துல. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு, கூவம் கரைல இருந்த குடும்பங்கள இங்க கொண்டு வந்து குடிவெச்சாங்க. வீடு வந்துச்சு, வேலை அங்கயே நின்னுடுச்சு.

நான் மேடவாக்கம். பஸ்ல பழக்கமான ஒரு அக்கா இருக்காங்க, சைதாப்பேட்டை பாலத்துக்கு கீழ இருந்து இங்க வந்தவங்க. முன்னாடி நாலு வீட்ல வேலை செஞ்சிட்டு இருந்தாங்க, எல்லாம் நடந்து போற தூரம், நடுவுல வந்து புள்ளைக்கு சோறு போட்டுட்டு மறுபடியும் போவாங்களாம். இப்ப ரெண்டு வீடுதான். காலைல ஆறு மணிக்கு வரணும்னு சொன்ன வீட்டுக்கு இங்கேர்ந்து போய் சேர முடியல, விட்டுட்டாங்க. "வூடு குடுக்கறப்போ ரேஷன் கார்டு கேட்டாங்க, ஆதார் கேட்டாங்க, போட்டோ புடிச்சாங்க, வேலை எங்க பாக்குறனு ஒருத்தரும் கேக்கலமா"னு ஒரு நாள் சொன்னாங்க. அதுலேர்ந்து மாஸ்டர் பிளான் (ஊர்ல எங்க என்ன வரணும்னு அரசு போடுற திட்டம்), மக்கள் கருத்துனு எந்த செய்தி வந்தாலும் எனக்கு இதுதான் ஞாபகம் வருது.

சென்னைக்கு முதல் மாஸ்டர் பிளான் 1976ல வந்துச்சு, ரெண்டாவது 2008ல. நடுவுல முப்பது வருஷத்துக்கு மேல. அந்த கேப்ல ஊரு அது பாட்டுக்கு வளந்துடுச்சு, ஓஎம்ஆர்ல, அதான் பழைய மகாபலிபுரம் ரோட்டுல, ஐடி கம்பெனிங்க வந்துச்சு, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் சுருங்கிடுச்சு, கண்ணகி நகர்ல ஆயிரக்கணக்குல வீடு கட்டி ஜனங்கள கொண்டு வந்தாங்க, சுனாமிக்கு அப்புறம் செம்மஞ்சேரி. ரெண்டாவது பிளான் வந்ததுக்கு அப்புறம் பெரும்பாக்கம். எல்லாமே தெக்கு ஓரத்துல, அதுவும் ஒண்ணு பக்கத்துல ஒண்ணு. ரெண்டாவது பிளான் 2026 வரைக்கும்னுதான் போட்டாங்க, மூணாவது 2046 வரைக்கும். அதாவது இன்னைக்கு அந்த ஸ்டாப்புல அம்மா கைய புடிச்சிட்டு நிக்குற குழந்தை கல்யாணம் பண்ணி அதுக்கு ஒரு குழந்தை பொறக்குற வரைக்கும் இந்த ஊர்ல எங்க வீடு எங்க ரோடு எங்க கம்பெனினு அதுலதான் எழுதியிருக்கும், அவ்ளோ பெரிய விஷயம் அது.

அதனாலதான் கருத்துக்கேட்பு கூட்டம்னா நான் முடிஞ்ச வரைக்கும் போயிடுவேன். ஒரு கூட்டத்துக்கு ஆபீஸ்ல லீவு போட்டுட்டு போனேன். வார நாள், காலைல பதினோரு மணி, ஏசி ஹால். ஸ்கிரீன்ல கலர் கலரா மேப், எழுத்து பூரா இங்கிலீஷ். வந்திருந்தவங்கள்ல ரிட்டயர் ஆன சார்ங்க, குடியிருப்போர் சங்கத்துக்காரங்க, பில்டருங்கதான் அதிகம். அவங்க பேசினதும் நியாயமான விஷயம்தான், மழைநீர் வடிகால், பார்க்கிங், எஃப்எஸ்ஐ (மனை அளவுக்கு எவ்ளோ கட்டலாம்ங்கற கணக்கு) எல்லாம் வேணும்தான். ஆனா போர்டு வீட்லேர்ந்து ஒரு ஆளு கூட இல்ல, எப்படி வருவாங்க, அந்த நேரத்துக்கு அவங்க யாரோ வீட்டு கிச்சன்ல நின்னுட்டு இருப்பாங்க. ஆன்லைன்ல ஃபார்ம் இருக்கு, எல்லாரும் ஃபில் பண்ணலாம்னு சொன்னாங்க. ஃபார்ம திறந்து பாத்தா நடைபாதை, பசுமை, நிலையான வளர்ச்சி, இதுல எது முக்கியம்னு நம்பர் போடச் சொல்லுது. அஞ்சரை மணி பஸ்ஸ எந்த கட்டத்துல எழுதறது?

இன்னொரு கஷ்டம், இதையெல்லாம் ஒரே இடத்துல சொல்லவும் முடியாது. வீடு கட்டுறது வாரியம், 1970ல குடிசை மாற்று வாரியம்னு ஆரம்பிச்சு 2021ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர் மாறுச்சே அது. பஸ்ஸுக்கு எம்டிசி, அதான் மாநகரப் போக்குவரத்துக் கழகம், ரயில் தெற்கு ரயில்வே, மெட்ரோவுக்கு தனி நிறுவனம், நிலத்துக்கு மாஸ்டர் பிளான் போடுற சிஎம்டிஏ, அதான் சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம். போக்குவரத்தையாவது ஒண்ணா பாக்கணும்னுதான் கும்டானு ஒரு போக்குவரத்துக் குழுமத்த கொண்டு வந்தாங்க, சட்டம் 2010லயே போட்டாச்சு, முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பர்ல. அதுலயும் வீடு எங்க கட்டணும்ங்கற முடிவு அவங்க கைல இல்ல. வீடு ஒரு ஆபீஸ், பஸ் ஒரு ஆபீஸ், வேலை யாரோட ஆபீஸ்னே தெரியல.

கிளாம்பாக்கம் வெளியூர் பஸ் ஸ்டாண்ட பாருங்க. 2023 டிசம்பர் கடைசில திறந்தாங்க, நல்லா பெருசா கட்டியிருக்காங்க, கோயம்பேட்டுல இருந்த நெரிசலுக்கு ஒரு வழி பண்ணியே ஆகணும்ங்கறதும் உண்மை. ஆனா திறந்தப்போ ஜிஎஸ்டி ரோட்டுல அந்த எடத்துக்கு ரயில்வே ஸ்டேஷன் இல்ல, மெட்ரோவும் இல்ல. 2024 பிப்ரவரில ராத்திரி நேரம் ஊருக்கு போக பஸ் கிடைக்காம ஜனங்க ரோட்டுல உக்காந்து மறியல் பண்ணாங்க. அதுவும் மக்கள் கருத்துதான், முன்னாடியே கேட்டிருந்தா உக்காந்து பேசியே முடிச்சிருக்கலாம்.

நல்லது நடக்கலனு நான் சொல்லல. 2021 மே மாசத்துலேர்ந்து பொம்பளைங்களுக்கு சாதாரண பஸ்ல டிக்கெட் இல்ல, அது எவ்ளோ பெரிய விஷயம்னு பெரும்பாக்கம் ஸ்டாப்புல நின்னு பாத்தாதான் தெரியும், அந்த காசு மிச்சமாகலனா பாதி பேர் வேலைய விட்டிருப்பாங்க. மெட்ரோ ரெண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி, அதுல மாதவரம்–சோழிங்கநல்லூர் லைன் எங்க மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாத்தான் வருது. சந்தோஷமா சொன்னேன் அந்த அக்கா கிட்ட. "அதுலயும் ஃப்ரீயாமா?"னு கேட்டாங்க. இல்லனு சொன்னேன். "அப்ப நம்ம பஸ்ஸ நிறுத்திடுவாங்களா?" அதுக்கு எனக்கு பதில் தெரியல. ஆனா பிளான் போடுறவங்க பதில் வெச்சிருக்க வேண்டிய கேள்வி அது.

நகரத்துக்குள்ள நிலமே இல்ல, வேற எங்க கொண்டு போறதுனு சொல்லுவாங்க. பழைய போர்டு வீடுங்கள இடிச்சுட்டு அதே எடத்துல மாடி ஏத்தி கட்டித் தர்றதும் இதே சென்னைல நடக்குதே, முடியாத காரியம் இல்ல அது. மாத்தியே ஆகணும்னா சாவி குடுக்கற அன்னிக்கே வேலைக்கு போக பஸ் எத்தன மணிக்கு, புள்ளைங்களுக்கு எந்த ஸ்கூல்ல சீட்டு, பக்கத்துல எந்த கம்பெனில என்ன வேலைனு சேத்து எழுதி கைல குடுக்கணும். ஓஎம்ஆர் பக்கத்துலயே இருக்கு, அவ்ளோ கண்ணாடி பில்டிங்கு, அதுல இந்த வீட்டு புள்ளைங்களுக்கு செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங்க தாண்டி ஒரு வேலை கிடைக்கணும்னா அதையும் பிளான்லயே எழுதினாதான் நடக்கும். கூட்டத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பிளாக் கீழயே போடுங்க, தமிழ்ல பேசுங்க, மேப்ல அவங்க வீடு எது, பஸ் எந்த பக்கமா போகுதுனு காட்டுங்க. ரெண்டு பெஞ்சும் ஒரு மைக்கும் போதும் இதுக்கு.

மாஸ்டர் பிளான் வரைவு எப்ப வந்தாலும் ஆட்சேபம், யோசனை சொல்ல டைம் குடுத்தாகணும், சட்டத்துலயே இருக்கு. தமிழ்ல ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி குடுத்தாலே போதும். நான் இப்பவே அந்த அக்காவும் அவங்க ப்ளாக்குல இன்னும் சில பேரும் சொல்ல சொல்ல எழுதி வெச்சுக்கிட்டு இருக்கேன், வீட்டு நம்பர், வேலை எங்க, எத்தன மணிக்கு கிளம்புறாங்க, எத்தன பஸ் மாறுறாங்க, அவ்ளோதான். உங்க தெருவுலயும் இந்த மாதிரி எழுத ஆள் இல்லாதவங்க இருப்பாங்க, அவங்க கிட்ட உக்காந்து கேட்டு எழுதிக் குடுங்க, கீழ அவங்க கையெழுத்து வாங்கிக்கோங்க, ரசீது வாங்காம வராதீங்க.