போதை இறங்கிய பிறகும் காதுக்குள் நடப்பது

தலைச்சுற்றல் சோதனைக்கு நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுவேன்: "48 மணி நேரத்துக்கு முன்னாடியே குடியை நிறுத்திடணும்." காதையும் உடல் சமநிலையையும் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் வேலையில் அதிகம் மீறப்படும் அறிவுரை இதுதான். "ராத்திரி ரெண்டு பெக் தான் மேடம், எல்லாம் இறங்கிடுச்சு" என்பார்கள். பொய்யில்லை; வாடை இருக்காது, பேச்சும் தெளிவாக இருக்கும். ஆனால் கேமரா கண்ணாடியை மாட்டி ஒருக்களித்துப் படுக்கவைத்தால், திரையில் கருவிழி மெல்ல நகர்ந்து வெடுக்கென்று திரும்பும், மறுபடி நகரும்.

தலை திரும்புவதை உணரும் உட்காதின் அரைவட்டக் குழல்களில் திரவம் இருக்கிறது. அதற்குள் கியூபுலா என்ற ஜெல் தடுப்பு. இரண்டுக்கும் அடர்த்தி ஒன்றே என்பதால் தலை திரும்பும்போது மட்டும் கியூபுலா வளையும். சும்மா படுத்திருந்தால் அசையாது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. ரத்தக்குழாய்களுக்கு அருகில் இருப்பதால் கியூபுலாவுக்குள் முதலில் நுழைகிறது. லேசான கியூபுலா திரவத்தில் மிதக்கப் பார்த்து வளைகிறது; தலை சுற்றுவதாக நினைத்து மூளை கண்ணை நகர்த்துகிறது. குடித்த அரை மணி நேரத்தில், படுத்தால் கட்டில் சுற்றுவது இதனால்தான்.

சில மணி நேரத்தில் திரவத்திலும் ஆல்கஹால் கலந்து சமநிலை வரும். அப்புறம்தான் சிக்கல். வெளியேறும்போதும் கியூபுலாவிலிருந்துதான் முதலில் போகிறது. இப்போது கியூபுலா திரவத்தைவிடக் கனம். கண் எதிர்த்திசையில் துடிக்கும். ரத்தத்தில் ஆல்கஹால் முழுக்க இல்லாமல் போன பிறகும் இது நீடிக்கும்.

1974இல் கென் மணி, மைல்ஸ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரணத் தண்ணீரைவிட அடர்த்தியான கனநீரைக் குடிக்கவைத்தபோது கண் துடிப்பு ஆல்கஹாலுக்கு நேர் எதிராக வந்தது. எல்லாம் அடர்த்தியின் வேலை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம்.

"காலையில ஒரு கட்டிங் போட்டா நின்னுடும்" என்பதும் உண்மையே. கியூபுலா மறுபடி லேசாகிறது, சுற்றல் அடங்குகிறது. அந்த நிம்மதிதான் பலரைக் காலைக் குடிக்குப் பழக்குகிறது என்று நினைக்கிறேன்.

வண்டி ஓட்ட சட்டம் பார்ப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற அளவை. காதைப் பார்க்க யாருமில்லை. அதனால் சோதனையைத் தள்ளிவைக்கும்போது என்ன வேலை என்று கேட்பேன். சாரத்தில் ஏறுகிற பெயின்டர் என்றால், "இன்னிக்குத் தரையில செய்யுற வேலையா வாங்கிக்குங்கண்ணே" என்பேன். மேஸ்திரி ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால், மருத்துவரிடம் சொல்லி ஒருநாள் ஓய்வுக்குச் சீட்டு எழுதி வாங்கித் தருவேன்.