நெஞ்சோட அணைச்ச தலகணி

இண்டையோட இவருக்கு இருதய பைபாஸ் ஒப்பரேஷன் செய்து ஏழு கிழமை. சென்னையில இருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தும் ஒரு மாசமாச்சு, இப்பதான் இருந்து எழுத மனம் வந்திருக்கு. ரெண்டு மூண்டு பேர் போன் எடுத்து "நாங்களும் சென்னைக்குத்தான் கொண்டு போகப்போறம் அக்கா, என்ன கொண்டு போறது, எங்க நிக்கிறது" எண்டு கேட்டவை, அவைக்கு சொன்னதுகளை ஒரு இடத்தில எழுதி வைப்பம் எண்டுதான்.

2022 இல இருந்த மருந்துத் தட்டுப்பாட்டில கன ஒப்பரேஷன்கள் பிந்திப் போனது எல்லாருக்கும் தெரியும், அந்தப் பயத்தில இவருக்கு மூண்டு இடத்தில அடைப்பு எண்டு வந்த உடன பிள்ளையள் காத்திருக்க விடேல்லை. பலாலியில இருந்து சென்னைக்கு ப்ளேன் அந்த வருச மார்கழியில திரும்ப ஓடத் தொடங்கினது பெரிய புண்ணியம், இல்லாட்டி நெஞ்சு நோவோட கொழும்பு மட்டும் பஸ்ஸில போயிருக்கோணும். அவருக்கு மெடிக்கல் விசா, எனக்கு கூடப் போற ஆளுக்கெண்டு தாற விசா. கிறீம்ஸ் ரோட் பக்கம் ஒரு லொட்ஜில அறை எடுத்தம், சமைக்க அடுப்போட. வெளிநாட்டு ஆக்களை வைச்சிருந்தா லொட்ஜ்காரர் பாஸ்போட் விபரம் வாங்கி அரசாங்கத்துக்கு பதியோணும், அது சட்டம். அது தேவையில்லை எண்டு ஆராவது சொன்னா அங்க நிக்காதேங்கோ.

ஒப்பரேஷனைப் பற்றி எனக்கு எழுத ஒண்டுமில்லை, அது டொக்டர்மாற்ற வேலை, வடிவா செய்தவை. எட்டாம் நாள் ஆஸ்பத்திரியால துண்டு வெட்டி ஒரு பை மருந்தையும் தந்து அஞ்சு நிமிசத்தில விட்டிட்டினம். லொட்ஜ் அறைக்குள்ள வந்து கதவைச் சாத்திப்போட்டு அவரைப் பார்த்தன், அப்பதான் எனக்கு கை கால் நடுங்கினது. இனி நான்தான்.

முதல் நாள் இரவே பிழை விட்டன். சலம் போக எழும்போணும் எண்டவர், நான் வழக்கம் போல கையைப் பிடிச்சு இழுத்துப்போட்டன். அவர் போட்ட சத்தம் இப்பவும் காதுக்குள்ள இருக்கு. நடு நெஞ்செலும்பைப் பிளந்துதான் ஒப்பரேஷன் செய்து பேந்து கம்பியால கட்டி மூடுறவை, அது பொருந்த ஆறு எட்டு கிழமை எடுக்கும், கையைப் பிடிச்சு இழுத்தா அந்த இழுவை நேர நெஞ்செலும்புக்குத்தான் போகும். அடுத்த நாள் ட்ரெஸ்ஸிங்குக்கு போகேக்க அங்க ஒரு மலையாளத்து நேர்ஸ் பிள்ளை திரும்பத் திரும்ப செய்து காட்டினது. முழங்காலை மடக்கோணும், தலகணியை நெஞ்சோட ரெண்டு கையாலயும் அணைச்சுக்கொண்டு ஒரு பக்கமா அப்பிடியே முழு உடம்போட புரளோணும், ரெண்டு காலையும் கட்டிலுக்கு வெளிய விட அந்தப் பாரத்திலயே மேல் உடம்பு எழும்பி வரும். நாங்கள் தோளுக்குப் பின்னால மட்டும் தாங்கினா காணும். இருமினாலும் தும்மினாலும் அதே தலகணிதான். லொட்ஜ் தலகணி மெத்தெண்டு இருந்ததெண்டு நான் ரோட்டுக்குப் போய் நல்ல இறுக்கமான சின்னத் தலகணி ஒண்டு வாங்கி வந்தனான், அந்தப் பயணத்திலயே பிரயோசனமான சாமான் அதுதான்.

மூண்டு குண்டு இருக்கிற ப்ளாஸ்ரிக் சாமான் ஒண்டு தருவினம், குழாயால மூச்சை உள்ள இழுக்க குண்டு மேல எழும்பும். சளி கட்டாம இருக்க அது கட்டாயம். முதல் ஒரு குண்டுதான் எழும்பினது, ரெண்டாவது எழும்பின அண்டைக்கு ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையள் மாதிரி பிள்ளையளுக்கு வீடியோ எடுத்து அனுப்பினம்.

தமிழ்நாடுதானே, பாஷைப் பிரச்சினை வராது எண்டு நினைச்சுப் போனனான். அவருக்கு சத்தி வருது எண்டு போனில சொல்ல, அங்கால இருந்த பிள்ளைக்கு விளங்கேல்லை, உடம்புக்கு சக்தி வருதெண்டு நல்ல செய்தியா எடுத்திட்டுது. வாந்தி எண்டு சொல்லோணும். பனடோல் எண்டு பாமசியில கேட்டாலும் முழிப்பினம், பரசிற்றமோல் எண்டு கேளுங்கோ. நெஞ்சை விட, அடைப்பைச் சுத்தி இருதயத்தில வைச்சுத் தைக்கவெண்டு காலில நாளம் எடுத்த இடம்தான் கூட நொந்தது, வீங்கினது, இதை ஒருத்தரும் முன்னமே சொல்லேல்லை.

இன்னொண்டும் சொல்லேல்லை. பதின்மூண்டாம் நாள் எண்டு நினைக்கிறன், இடியப்பமும் தண்ணிச் சொதியும் கொண்டு போய் வைக்க, அவர் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு அழத் தொடங்கிட்டார். நாப்பது வருசத்தில அவற்ற அம்மா செத்த அண்டைக்குத்தான் அவர் அழுது கண்டனான். நான் பயந்து போய் டொக்டருக்கு போன் எடுத்தா, பைபாஸுக்குப் பிறகு கன பேருக்கு இப்பிடி மனம் இளகும், பயப்பிடாதேங்கோ, ஆனா கிழமைக்கணக்கா இழுத்தா சொல்லுங்கோ எண்டார். இதை அந்தத் துண்டில ஒரு வரி எழுதி விட்டிருந்தா என்ன? எனக்கு இண்டைக்கும் அது மனவருத்தம்தான். அண்டு முழுக்க நான் ஒண்டும் கதைக்கேல்லை, பக்கத்தில இருந்து காலைத் தடவி விட்டன். இரவு அவர்தான் "நீர் படும், நீர் நித்திரை கொண்டு எத்தினை நாள்" எண்டார்.

அடுத்த அறையில பங்களாதேஷில இருந்து வந்த ஒரு குடும்பம், அந்த மனுசனுக்கும் இதே ஒப்பரேஷன். அந்த அம்மாவுக்கு தமிழும் தெரியாது இங்கிலீசும் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. பின்னேரத்தில ரெண்டு பேரையும் ஒண்டா கொரிடோரில நடத்துவம், முதல் அஞ்சு நிமிசம், பேந்து பத்து. அவர் ரெண்டு சுத்து கூட நடந்தா இவரும் விடாம நடப்பார். வெளிக்கிடுற அண்டு அந்த அம்மா என்ர கையை விடேல்லை.

வெளிக்கிடுறதுக்கு முன்னம், இவர் ப்ளேனில போகலாம் எண்டு டொக்டரிட்ட கடிதம் வாங்கினம், மருந்துகளின்ர கொம்பனிப் பேர் மட்டுமில்லாம உள்ளுக்கு இருக்கிற மருந்தின்ர பேரையும் எழுதித் தரச் சொல்லி கேட்டு வாங்கினனான். அது எவ்வளவு நல்லதாப் போச்சு, இஞ்ச பாமசியில அங்கத்தப் பேர் பாதி தெரியாது. அந்தத் துண்டு இப்ப ப்ரிஜ் கதவில ஒட்டிக் கிடக்கு.

விடிய விடிய ஒழுங்கை முடிவு மட்டும் போய் வாறார். நேற்று நான் குசினிக்குள்ள நிக்கேக்க கிணத்தடியில கப்பிச் சத்தம் கேட்டது. ஓடிப் போனா மனுசன் கயிறைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். "அரை வாளிதானப்பா" எண்டார். கயிறை வாங்கிப்போட்டு வாளியைக் கழட்டிக் கொண்டு வந்து அறைக்குள்ள வைச்சிட்டன்.