கால் சுடாத மொட்டை மாடி

மதியம் 3 மணி. துணி எடுக்கச் செருப்பில்லாமலே மொட்டை மாடி ஏறிவிட்டேன். பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது, கால் சுடவில்லை.

போன ஞாயிறு அப்பாவும் நானும் சுண்ணாம்பு அடித்த பக்கம் அது.

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு தீர்ந்துபோய் அப்படியே விட்டிருந்தோம். அங்கேயும் ஒரு கால் வைத்துப் பார்த்தேன். ஐயோ!

வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கறுத்த தளம் பகலெல்லாம் குடித்து வைத்து, ராத்திரி நம் தலைமேல் இறக்குகிறது. ஏசி பாவம், இத்தனை நாள் அதோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறது.

எங்கள் சேலத்தைச் சுற்றிலும் சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை. நடுவில் சட்டிக்குள் நாம்.

நேற்று ஏசியை 26-இல் வைத்து மின்விசிறியையும் ஓடவிட்டோம். விடிகாலையில் அம்மா போர்வை தேடினார்.

"மீதிக்கும் வாங்கிட்டு வந்துருடா" என்கிறார் அப்பா. சரி, செவ்வாய்ப்பேட்டைக்குக் கிளம்புகிறேன்.