மாடி அறை ஸ்கோர் அலமாரி

ஜூன் 7, 2025, சனி

சென்னையில் பியானோ சொல்லிக்கொடுக்கும் நாங்கள் நாலு பேர் ஒருவழியாக ஸ்கோர்களை, அதாவது ஸ்வரங்கள் அச்சிட்ட புத்தகங்களை, ஒரே இடத்தில் சேர்த்துவிட்டோம். என் வீட்டு மாடி அறைதான் இடம். எண்ணிப் பார்த்தால் 143. முக்கால்வாசி கிரேடு பரீட்சைப் புத்தகங்கள். அதிலும் ஒரே வருடத்து நாலாம் கிரேடு மட்டும் ஆறு பிரதி. கடந்த ஐம்பது வருடத்தில் எழுதியது என்று தேடினால் ஒன்பது தேறியது. பிள்ளைகள் பீத்தோவனோடு நின்றுவிடுகிறார்கள் என்று இனி நான் புலம்பக் கூடாது.

ஜூன் 14, சனி

ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கைத் 'தற்காலம்' தட்டில் வைக்கலாமா? 1945இல் இறந்தவர். இதற்கே ஒரு மணி நேரம், இரண்டு சுற்று காபி. கடைசியில் பணம்தான் தீர்ப்பு சொன்னது. நம் நாட்டில் பதிப்புரிமை, எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை. பார்டோக் 2006லேயே விடுபட்டாயிற்று. அவருடைய பியானோ வரிசை 'மைக்ரோகாஸ்மாஸ்' ஆறு தொகுதி, 153 துண்டுகள். பழைய பதிப்பை இணையத்தில் இருந்து இறக்கி அச்சடித்து ஸ்பைரல் போட்டால் வேலை முடிந்தது. ஆளுக்கு மூவாயிரம் போட்ட பணம், பதிப்புரிமை இன்னும் முடியாததால் காசு கொடுத்தே வாங்கவேண்டிய இசையமைப்பாளர்களுக்கு: பார்ட், குர்டாக், கிரம்ப்.

ஜூன் 29, ஞாயிறு

ஆர்வோ பார்ட்டின் 'ஃபூர் அலினா' (1976) என்ற பியானோ துண்டு வந்தது. இரண்டே பக்கம். எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், ஜெராக்ஸ்ல குச்சியெல்லாம் விழலையே" என்றாள். ஒரிஜினல்தான்டி! தாளக் குறி கிடையாது. ஸ்வரங்களுக்கு வெறும் தலைதான், தண்டு இல்லை.

வாசிக்கச் சொன்னேன். முதலில் அடியில் பி ஸ்வரம் மட்டும். பெடலை அழுத்தியபடி காத்திருக்க வேண்டும். பிறகு கட்டத்துக்குக் கட்டம் ஒரு ஸ்வரம் கூடுகிறது, பாதிக்கு மேல் அதே மாதிரி குறைகிறது. சுலபம் என்று உட்கார்ந்தவள் மூன்றாவது கட்டத்தில் நிறுத்தினாள். "இதுல தப்பு பண்ணா மறைக்கவே முடியாது மிஸ்." பத்து வருடமாக நான் சொல்லிப் புரியாதது.

ஜூலை 6, ஞாயிறு

குர்டாக்கின் 'யாட்டேகோக்' முதல் தொகுதி. ஹங்கேரிய மொழியில் 'விளையாட்டுகள்'. உள்ளங்கையாலும் முழங்கையாலும் கட்டைகளை அமுக்கச் சொல்கிறார். சின்னவர்கள் விடவே இல்லை. கீழ்வீட்டு மாமா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தெரிந்த வயலின் டீச்சர் ஒருவர் புது ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு ஒன்று கேட்டார். அந்த மாதிரிப் படைப்புகளுக்கு வாத்தியக்காரர்களின் தனித்தனித் தாள்களைப் பெரும்பாலும் விற்பதே இல்லை, வாடகைக்குத்தான். சரி, விட்டாயிற்று.

ஜூலை 19, சனி

கிரம்ப்பின் 'மாக்ரோகாஸ்மாஸ்' முதல் தொகுதி (1972). பெயரே 'மைக்ரோகாஸ்மாஸ்' எழுதிய பார்டோக்குக்கு ஒரு வணக்கம். கூரியரில் ஒரு மூலை மடங்கியிருந்தது. அது போகட்டும், புத்தகம் அலமாரிக்குள்ளேயே போகவில்லை, அவ்வளவு பெரிது. பன்னிரண்டாவது துண்டை, ஸ்வரம் எழுதும் ஐந்து கோடுகளையே வளைத்துச் சுருளாக எழுதியிருக்கிறார். ஏ4 தாளில் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்தால் ஸ்வரமெல்லாம் எறும்பாகிவிடும். தரையில் விரித்து வைத்தேன். மூன்று பிள்ளைகள் விரலை வைத்துக்கொண்டு புத்தகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பியானோவின் உள்ளே கைவிட்டுத் தந்தியை மீட்டவும் வேண்டும். ட்யூனருக்கு இன்னும் சொல்லவில்லை.

கீழ்த்தட்டைப் பிரித்து உயர்த்த ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை வருகிறாராம். அதுவரை கிரம்ப் கட்டிலுக்கு அடியில்.