அங்கே இப்போது மணி என்ன?

வேலைக்காக வெளிநாடு வந்து ஐந்து மாதம் ஆகிறது. கிளம்பும்போது பெரிய விஷயங்களை நினைத்துத்தான் பயந்தேன். புது மேலாளர், குளிர், தனி வீடு. அவற்றை எப்படியோ சமாளித்துவிட்டேன். என்னைப் படுத்தி எடுத்தது சாலையைக் கடப்பதுதான்.

நான் வளர்ந்த இடத்தில் வண்டிகள் இடதுபக்கம் போகும். இங்கே வலதுபக்கம். தெரிந்துதான் வந்தேன், ஆனால் தலைக்குத் தெரிந்தது கழுத்துக்குத் தெரியவில்லை. சாலையோரம் போய் நின்றதும் அது தானாக வலப்புறம் திரும்பும். காலியாகத்தானே இருக்கிறது என்று காலை எடுத்து வைத்தால் இடப்புறமிருந்து ஹாரன் அலறும். இரண்டாவது வாரம் ஒரு சைக்கிள்காரர் என் மூக்குக்கு முன்னால் பிரேக் பிடித்து நின்று, எனக்குத் தெரியாத மொழியில் நன்றாகப் புரியும்படி திட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் 'இடது, வலது, மறுபடி இடது' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கடக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஸ்வீடனில் 1967 செப்டம்பர் 3 அன்று அதிகாலை 5 மணிக்கு நாடு முழுவதும் வண்டிகள் இடதுபக்கத்திலிருந்து வலதுபக்கத்துக்கு மாறின. சமோவா 2009-இல் நேரெதிராக, வலதிலிருந்து இடதுக்கு மாறியது. ஒரு நாடே ஒரே காலையில் மாறிக்கொள்கிறது, என் ஒற்றைக் கழுத்துக்கு மூன்று மாதம் பிடித்தது. (அவர்களுக்காவது எல்லோரும் சேர்ந்து தடுமாறும் சுகம் இருந்திருக்கும்.)

முதல் மாதங்களில் வீடு வந்ததும் அப்படியே சரிந்துவிடுவேன். அலுவலகத்தில் அவ்வளவு வேலை இல்லை. பிறகு ஏன் இந்த அசதி என்று யோசித்தால், பொழுதுக்கும் எதையாவது யோசித்துத்தான் செய்துகொண்டிருந்தேன். எந்தச் சுவிட்சை எந்தப் பக்கம் தட்டுவது, குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் வெந்நீர், மின்தூக்கியில் முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா. முன்பெல்லாம் கை தானாகச் செய்த வேலைகள் இவை. கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1960-இல் பண்பாட்டு அதிர்ச்சியைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொல்கிறார். எப்போது கை குலுக்குவது, எப்போது டிப்ஸ் கொடுப்பது என்பது போன்ற, நாம் கவனிக்காமலே பின்பற்றும் நூற்றுக்கணக்கான அடையாளங்கள் ஒரே நாளில் கைவிட்டுப் போவதால் வரும் பதற்றம் அது என்கிறார். சின்னத் தாமதத்துக்கும் எரிந்து விழுவதை அதன் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். படித்ததும் அலுவலக அச்சு இயந்திரத்திடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கதவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டின் கதவு சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். ஒரு ஞாயிறு இரவு குப்பைப் பையோடு வெளியே வந்தேன், பின்னால் டக் என்று சத்தம். சாவி உள்ளே, கைப்பேசி உள்ளே, காலில் வீட்டுச் செருப்பு. பூட்டுக்காரருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று அம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை.

காகித வேலைகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. வாடகை ஒப்பந்தம் போட வங்கிக் கணக்கு கேட்டார்கள், கணக்கு தொடங்க முகவரிச் சான்று கேட்டார்கள், முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். கடைசியில் நான் தற்காலிகமாகத் தங்கியிருந்த இடத்தைக் குறிப்பிட்டு அலுவலகம் கொடுத்த கடிதத்தால்தான் அந்தச் சுழல் உடைந்தது. வரப்போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: பழைய சிம் கார்டை உயிரோடு வைத்திருங்கள். நான் ரீசார்ஜ் செய்ய மறந்தேன். பழைய வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் செத்துப்போன எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது, என் சேமிப்பு கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் போலத் தெரிந்தது, தொட முடியவில்லை.

தூக்கம் சீக்கிரமே சரியானது. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள். எனக்கு நாலரை மணி நேரம், ஐந்தாறு நாளில் பழகிவிட்டது. மேற்கே வந்ததும் ஒரு வசதி. நம் உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுவதால், நேரத்தோடு படுப்பதைவிடத் தாமதமாகப் படுப்பதற்கு அது சுலபமாக ஒத்துக்கொள்கிறது.

பழகாதது அம்மாவின் நேரம்தான். நான் மாலை ஆறுக்கு வேலை முடிந்து கூப்பிட்டால் அங்கே இரவு பத்தரை. ஒன்பதுக்கே படுத்துவிடும் மனுஷி. தூங்கு, ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்றால் கேட்பதில்லை. முதல் மாதம் முழுக்க எடுத்தவுடன் ஒரே கேள்விதான்: "அங்க இப்போ மணி என்ன?" நான் சொல்வேன், மறுநாளும் கேட்பாள். ஒருநாள் கேட்கவில்லை. பரணில் கிடந்த பழைய சுவர்க் கடிகாரத்தை இறக்கி, என் நேரத்துக்குத் திருப்பி, கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டாளாம். "இப்ப நீ கிளம்பியிருப்பே", "இப்ப சாப்பிடப் போயிருப்பே" என்று பார்த்துக்கொண்டே இருப்பாளாம். எனக்கு உள்ளுக்குள் ஒருமாதிரி இருந்தது. "ஏம்மா, அதுக்கு பேட்டரி வேற செலவா?" என்று கேட்டு வைத்தேன்.

மார்ச் கடைசியில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க வருஷத்துக்கு இரண்டு முறை இப்படி மாற்றுவார்கள். அம்மாவிடம் சொல்ல மறந்தே போனேன். திங்கள்கிழமை வழக்கம்போல ஆறு மணிக்குக் கூப்பிட்டேன்.

எடுத்த எடுப்பிலேயே பதற்றமான குரல். "ஏண்டி, அஞ்சு மணிக்கே வந்துட்டே? வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா?"

இல்லைம்மா, இங்கே மணி ஆறுதான் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"யாரைக் கேட்டு மாத்தினாங்க?"

"நல்லதுதானேம்மா, இனி நீ ஒரு மணி நேரம் முன்னாடியே தூங்கலாம்" என்றேன். பதில் வரவில்லை. நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, ராத்திரி நேரத்தில் நாற்காலி மேல் ஏறாதே. நாளைக்கு யாரையாவது விட்டு மாற்றிக்கலாம்."

"எந்தப் பக்கம் திருப்பணும், அதைச் சொல்லு" என்றாள்.